ஆளுநர் ஆட்சியும் சட்டசபையும்: சென்னை மாகாணத்தில் நம் மக்கள் பெற்ற குரல்

செஞ்சிக் கோட்டையின் வரலாறு, ஆள்வோர் மாறிய வரலாறாகும். விசயநகர வேந்தரின் பெயரால் ஆண்ட நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படையினர், 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி, ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என இராசகிரியின் உச்சியில் பறந்த கொடிகள் பல. 1714இல் போரில் வீழ்ந்த இராசா தேசிங்கின் கதையை நம் ஊர்த் தெருக்கூத்தும் கதைப்பாடலும் இன்றும் மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டில் இக்கோட்டை யுனெசுகோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டதும் நாம் அறிந்ததே.

இத்தனை மாற்றங்களில் ஒன்றேனும் உழுதவனைக் கேட்டு நிகழ்ந்ததா? இல்லை. மலைமேல் கல் சுமந்தவனையும், குதிரைக்குச் சேணம் தைத்தவனையும், ஏரிக்கு மண் வெட்டியவளையும் எவரும் கேட்டதில்லை. கோட்டையை ஒட்டிய சிறு குன்று ஒன்று பழைய ஏடுகளில் சக்கிலி துர்க்கம் என்று குறிக்கப்படுகிறது. ஒரு குலத்தின் பெயரைக் குன்று சுமக்கிறது. அக்குலத்தில் பிறந்த ஒரு மனிதனின் பெயரையும் கோட்டை வரலாறு சுமக்கவில்லை.

ஆள்வோரின் அவையில் நம் மக்களின் குரல் முதன்முதலில் ஒலித்தது எப்போது? அக்குரல் எவர் தயவால் ஒலித்தது? அதனால் விளைந்தது என்ன? நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் இவ்வினாக்களுக்கு விடை காண்பது பொருத்தமென்று கருதுகிறோம். கல்விக்கும் இவ்வினாக்களுக்கும் உள்ள உறவு போகப் போகப் புலப்படும்.

கோட்டையிலிருந்து வந்த ஆணை

சென்னைப் புனித சார்ச் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் ஓர் ஆலோசனைக் குழுவுடன் ஆண்டார். அக்குழுவினர் மக்களின் பிரதிநிதிகள் அல்லர்; கம்பெனியின் உயர் ஊழியர்களே. 1776இல் ஆளுநர் பிகட் பிரபுவை அவருடைய குழுவினரே சிறைப்படுத்தினர் என்பதும், அவர் மறு ஆண்டு காவலிலேயே இறந்தார் என்பதும் வியப்பூட்டும் செய்திகள். ஆயின் அது எசமானர்களுக்குள் நிகழ்ந்த சண்டை. குடிகளுக்கு அதில் பங்கில்லை.

1858இல் ஆட்சி பிரிட்டிசு முடியின் கைக்கு மாறியது. அதன்பின் ஆளுநர் அரசியாரின் பெயரால் ஆண்டார். 1861ஆம் ஆண்டுச் சட்டம், சட்டம் இயற்றும் பணிக்கு மட்டும் சிலரை ஆளுநர் நியமித்துக்கொள்ள இடமளித்தது. 1892ஆம் ஆண்டுச் சட்டமும், மிண்டோ மார்லி சீர்திருத்தம் எனப்படும் 1909ஆம் ஆண்டுச் சட்டமும் அவையைப் படிப்படியாக விரித்தன. ஆயினும் அவைக்குள் வந்தவர்கள் நிலக்கிழார்களும், வணிகர்களும், வழக்கறிஞர்களுமே. நம் மக்களுக்கு எஞ்சியிருந்த வழி மனு எழுதுவது ஒன்றே.

அவ்வழியை நம் முன்னோர் செம்மையாகவே பயன்படுத்தினர். 1891இல் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் மகாசன சபை கூட்டித் தீர்மானங்கள் இயற்றினார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே ஏட்டின் முகப்பில் ஏற்றிய துணிவு அவருடையது. அரசின் பக்கத்திலும் சில அசைவுகள் தோன்றின. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நிலம் வழங்குவதற்கான ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழக்காடிக்கொண்டிருப்பது அந்நிலமே. 1893இல் பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணையும் வந்தது.

இவ்விரண்டும் தேர்ந்தெடுத்த அவை தந்தவை அல்ல. ஆளுநரின் அரசு தந்தவை. அதனால் ஆளுநர் ஆட்சியே நமக்கு நல்லதென்று சிலர் எண்ணினர். ஆனால் ஆணை கோட்டையில் பிறந்தாலும், அது கிராமத்துக்கு வந்து சேரவேண்டிய வழி எது? ஆட்சியரிடமிருந்து தாசில்தாருக்கும், தாசில்தாரிடமிருந்து கிராம முன்சீபுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அது இறங்கவேண்டும். இறங்கும் படி ஒவ்வொன்றிலும் அதன் வலு தேய்ந்தது. நிலத்தைக் கொடுக்கச் சொன்ன ஆணையை நிறைவேற்றும் கை, பல ஊர்களில் அந்நிலத்தின்மேல் கண் வைத்திருந்தவரின் உறவினர் கையாகவே இருந்தது. ஆணையைப் படித்துக் காட்டிக் கேட்க நம் சேரியில் எழுத்தறிந்தவர் இல்லை. கோட்டையில் பிறந்த ஆணை கிராமத்தில் மாண்டது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

அப்படியாயின், மக்கள் தேர்ந்தெடுத்த அவையே நமக்கு முழு மருந்தா? நம் பாட நூல்கள் அவ்வாறே சொல்கின்றன. பிரிட்டிசு முடியின் ஆளுநர்களை எதிர்த்து அமெரிக்கக் குடியேற்றங்களின் அவைகள் நடத்திய போராட்டத்தை உரிமைப் போரென்று நாமும் வகுப்பில் கற்பித்திருக்கிறோம். அது மெய்யே. ஆளுநரின் சம்பளப் பணத்தையே தம் கையில் வைத்துக்கொண்டு அவரை வழிக்குக் கொண்டுவந்த அவைகள் அங்கிருந்தன.

ஆயின் மறுபக்கத்தையும் காணவேண்டும். வர்சீனியாவில் முதல் பிரதிநிதிகள் அவை கூடியது 1619ஆம் ஆண்டு சூலைத் திங்களில். அடுத்த திங்களிலேயே ஏறத்தாழ இருபது ஆப்பிரிக்கர்கள் அதே மண்ணில் விற்கப்பட்டனர். அவையும் அடிமைத்தனமும் ஒரே ஆண்டில் அங்குக் கால் வைத்தன. பின்னாளில் அந்த அவையே அடிமைகளுக்கான கொடிய சட்டங்களை இயற்றியது. நிலமும் அடிமையும் உடையவர்கள் தேர்ந்தெடுத்த அவை அவர்களுக்கே உழைத்தது. 1775இல் அக்குடியேற்றத்தின் ஆளுநர் டன்மோர் பிரபு, கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தம் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அது அறத்தின்பால் எழுந்த அறிவிப்பன்று. போரில் எதிரியின் கையை முறிக்கும் உத்தி. தம்மைச் சேர்ந்தவர்களின் அடிமைகளுக்கு அவர் விடுதலை அறிவிக்கவில்லை.

ஆளுநர் தம் தேவைக்காகக் கை நீட்டினார். அவை தன் உறுப்பினரின் நலத்துக்காக உரிமை பேசியது. இருவருக்கும் இடையில் நின்ற அடிமைக்கு வாக்குமில்லை, எழுத்துமில்லை. இந்த முக்கோணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னை மாகாணத்துக்குத் திரும்புவோம்.

இரட்டையாட்சியில் ஐந்து நாற்காலிகள்

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சி என்னும் முறையைக் கொணர்ந்தது. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம், வேளாண்மை போன்றவை மாற்றப்பட்ட துறைகளாகி, சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன. நிதி, காவல், நிலவரி, நீதி போன்றவை ஒதுக்கப்பட்ட துறைகளாக ஆளுநரிடமும் அவருடைய நிருவாகக் குழுவிடமும் நின்றன. சபை மறுத்த செலவையும் ஒதுக்கப்பட்ட துறைக்கு இன்றியமையாததென்று சான்றளித்து ஆளுநர் மீட்டுக்கொள்ள முடியும். எனவே பணப்பெட்டியின் சாவி ஆளுநரிடமும், பள்ளிக்கூடத்தின் பலகை அமைச்சரிடமும் இருந்தன.

சென்னைச் சட்டசபையின் 127 உறுப்பினர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்படுவோர்; 29 பேர் நியமனம் பெறுவோர். நியமன இடங்களில் ஐந்து, பறையர், பள்ளர், வள்ளுவர், சக்கிலியர், மாலர், மாதிகர் முதலான மக்களின் பிரதிநிதிகளுக்கு உரியவை. சொத்தும் வரியுமே வாக்குரிமைக்கு அளவுகோலாதலால், நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சம் பேரே. அவர்களுள் நம் மக்கள் மிக அரியர். 1920ஆம் ஆண்டின் இறுதியில் தேர்தல் நடந்தது. நீதிக்கட்சி வென்றது. நம் தென்னார்க்காட்டு மாவட்டத்துக் கடலூரைச் சேர்ந்த அ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். 1921 சனவரி 12இல் கன்னாட் கோமகன் சபையைத் தொடங்கி வைத்தார்.

ஆசிரியர் ஒருவரே வகுப்புத் தலைவனை நியமிப்பதையும், மாணவர்கள் கைதூக்கித் தேர்ந்தெடுப்பதையும் நாம் பள்ளிகளில் காண்கிறோம். நியமனம் பெற்றவன் ஆசிரியரின் முகம் பார்ப்பான். தேர்ந்தெடுக்கப்பட்டவன் பெரும்பான்மையோரின் முகம் பார்ப்பான். கடைசி வரிசையில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையின் முகத்தை இருவருமே பாராமற் போகக்கூடும். நம் ஐவர் நியமனம் பெற்றவர்கள். ஆயினும் அவர்கள் கடைசி வரிசையிலிருந்தே வந்தவர்கள் என்பதுதான் அவர்களின் சிறப்பு.

அவர்களுள் எம். சி. இராசா பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றியவர் என்பதில் ஆசிரியர்களாகிய நமக்குத் தனிப் பெருமை உண்டு. 1922இல் பஞ்சமர், பறையர் என்னும் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றதற்கு அவர் முயற்சி முதற் காரணம். இதனைச் சொல்மாற்றம் என்று ஒதுக்கலாகாது. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்படும் சொல், அப்பிள்ளையை ஆசிரியர் நோக்கும் நோக்கையும் மாற்றவல்லது.

1923இல் சபைக்கு வந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. சபை ஏற்றது, அரசு ஆணையாகி, 1925இன் தொடக்கத்தில் அரசிதழிலும் வெளிவந்தது. சென்னையில் சட்டம் பேசச் சென்ற உறுப்பினர், தம் ஊர்ப் பக்கத்து அக்கிரகாரத் தெருவில் நடக்க இயலாத காலம் அது என்பதை நினைவிற் கொண்டால்தான் இத்தீர்மானத்தின் பெருமை விளங்கும்.

ஆயின் தீர்மானம் என்பது பரிந்துரை. மீறியவனைத் தண்டிக்கும் சட்டமன்று. கிணற்றடியில் அரசிதழை விரித்துக் காட்டினால் குடம் நிறையுமா? அதற்குத் தண்டனை விதியுள்ள சட்டம் வர மேலும் 14 ஆண்டுகள் ஆயின.

இக்காலத்தில் ஆதிதிராவிடர் நலப் பணி தொழிலாளர் ஆணையரின் துறையிடம் இருந்தது. மனை நிலம் வாங்கித் தருதல், கிணறு வெட்டுதல், தனிப் பள்ளிகள் நடத்துதல் ஆகியவற்றை அத்துறை மேற்கொண்டது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அப்பள்ளிகளின் வழித்தோன்றல்கள். பொதுக் கல்வி அமைச்சரிடம் இருந்தும், நம் பிள்ளைகளைப் பல ஊர்ப் பள்ளிகள் சேர்க்க மறுத்ததால், அவர்களுக்கெனத் தனிப் பள்ளி வேண்டியதாயிற்று. நீதிக்கட்சியின் போக்கில் குறை கண்டு எம். சி. இராசா 1923இல் அதனின்று விலகினார். பிராமணரல்லாதார் எல்லோரும் ஒரே நிலையினர் அல்லர் என்பதை அவ்விலகல் உலகுக்கு உரைத்தது.

நியமனத்தின் இன்னொரு முகத்தை 1926ஆம் ஆண்டு காட்டியது. தேர்தலில் முதலிடம் பெற்ற சுயராச்சியக் கட்சி பதவி ஏற்க மறுத்தது. ஆளுநர் கோசன் பிரபு சுயேச்சையான ப. சுப்பராயனை முதலமைச்சராக்கி, நியமன உறுப்பினர்களின் துணையால் அவ்வமைச்சரவையைத் தாங்கினார். நாற்காலி தந்த கை, வாக்கெடுப்பின்போது அந்நாற்காலியை எண்ணிப் பார்க்கும் என்பதற்கு இது சான்று. எனினும் அவ்வமைச்சரவையிலேயே முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமை ஆணையை 1928இல் நடைமுறைப்படுத்தினார். அதன்படி 12 வேலைகளில் ஒன்று நம் மக்களுக்கு உரியதாயிற்று.

நம் பகுதிக்கு அணுக்கமான இன்னொரு பெரியாரையும் இங்கே நினைக்கவேண்டும். ஆரணிப் பக்கத்தில் பிறந்து, 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் நிறுவிய சுவாமி சகசானந்தர், பின்னாளில் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார். அவர் முதலில் பள்ளியைக் கட்டினார்; பின்னரே சபைக்குச் சென்றார். இந்த வரிசை தற்செயலானதன்று என்பது நம் துணிபு.

எழுத்து வாக்காகியது

1932 செப்டம்பர் 24இல் அண்ணல் அம்பேத்கர் புனாவில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மாகாண சபைகளில் 148 இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சென்னைக்கு உரியவை 30. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டப் பேரவையின் மொத்த இடங்கள் 215. இரட்டையாட்சி நீங்கி, துறைகள் யாவும் அமைச்சர்களிடம் வந்தன. ஆளுநரிடமோ சிறப்புப் பொறுப்புகள் எஞ்சி நின்றன.

வாக்காளர் தொகை 60 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. இச்சட்டத்தில் நம் கழகத்தார் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சென்னை மாகாணத்தில் சொத்தும் வரியும் இல்லாதவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவரென்று மெய்ப்பித்தால் வாக்காளர் ஆகலாம் என்பதே அது. ஒரு காணி நிலமும் இல்லாத பண்ணையாளின் மகன், தொழிலாளர் துறைப் பள்ளியில் அரிச்சுவடி கற்றதனால் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றான். எழுத்து அன்று வெறும் அறிவாக நில்லாமல் வாக்காகவே மாறியது.

1937 தேர்தலில் காங்கிரசு பெருவெற்றி பெற்றது. ஆளுநர் தம் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தித் தலையிடமாட்டார் என்னும் உறுதி கிடைக்கும்வரை அக்கட்சி பதவி ஏற்கவில்லை. அம்மூன்று திங்கள் கூ. வெ. ரெட்டி நாயுடு தலைமையில் ஆளுநர் எர்சுகின் பிரபு அமைத்த இடைக்கால அமைச்சரவையில் எம். சி. இராசா அமைச்சரானார். சூலையில் பதவியேற்ற இராசாசி அமைச்சரவையில் வி. ஐ. முனுசாமி பிள்ளை அமைச்சரானார். ஒரே ஆண்டில் நம்மவர் இருவர் அமைச்சராயினர். ஒருவர் ஆளுநரின் விருப்பால், மற்றவர் பெரும்பான்மைக் கட்சியின் விருப்பால்.

1938இல் எம். சி. இராசா கொணர்ந்த மசோதா, குடியுரிமைத் தடை நீக்கச் சட்டமாக நிறைவேறியது. கிணறு, சாலை, ஊர்தி ஆகியவற்றில் தடுப்பது அதன்பின் தண்டனைக்குரியது. ஆனால் அவர் கொணர்ந்த கோயில் நுழைவு மசோதாவை அமைச்சரவை ஆதரிக்கவில்லை. அது பேரவையில் தோற்றது. நமக்கென ஒதுக்கிய இடங்களில் பெரும்பாலானவற்றில் வென்றவர்கள் காங்கிரசு உறுப்பினர்கள். அவர்கள் கட்சியின் கட்டளைக்கு உட்பட்டு நின்றனர். நியமனம் பெற்றவருக்கு ஆளுநர் எசமானர் என்றால், பொதுத் தொகுதியின் வாக்கால் வென்றவருக்குக் கட்சி எசமானராயிற்று.

மறு ஆண்டு சூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் நம் மக்களை அழைத்துச் சென்றார். கோயில் அதிகாரிகளை வழக்கிலிருந்து காக்க, அமைச்சரவையின் விருப்பப்படி ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். பின்னர்ப் பேரவை அதனை முழுச் சட்டமாக்கியது. ஆளுநரின் கையெழுத்தும் அவையின் வாக்கும் நமக்காக ஒன்றுசேர்ந்த அரிய தருணம் அது. ஆனால் அவையைத் தள்ளியது அவைக்கு வெளியே நடந்த செயல் என்பதை மறத்தலாகாது.

1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது. 1946 வரை 93ஆம் பிரிவின்கீழ் ஆளுநரே ஆண்டார். 1946இல் மீண்டும் கூடிய பேரவைக்கு நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளை தலைவரானார். 1947இல், நம் செஞ்சிக்கு அண்மையில் திண்டிவனம் வட்டாரத்தில் பிறந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1952இல் நடந்த தேர்தலில், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தனர். சொத்தும் எழுத்தும் இனி வாக்குக்கு அளவுகோல் அல்ல.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

ஆளுநர் பதவி இன்றும் உண்டு. மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் அளிப்பது குறித்துத் தமிழ்நாட்டு அரசு தொடுத்த வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அப்பெரும் வழக்குகளைக் கற்றறிந்தோர் நடத்துக. நம் கவலை அடிப்படியைப் பற்றியது.

அடிப்படியில் நிகழ்ந்தது என்ன? மேலவளவு ஊராட்சியில் நம்மவருக்கு ஒதுக்கிய தலைவர் பதவியை ஏற்ற முருகேசன் உள்ளிட்ட அறுவர் 1997இல் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஒதுக்கிய பதவிக்கு முறையான தேர்தல் நடக்க 1996 முதல் 2006 வரை பத்தாண்டு ஆயிற்று. நாற்காலியைச் சட்டம் தரும். அமர்ந்தவனை ஊர் வாழவிடவேண்டும்.

ஆகவே ஆளுநரா, அவையா என்று கேட்பதைவிட, ஆணையோ சட்டமோ பிறந்தபின் அதனைக் கிராமம்வரை பின்தொடர்ந்து செல்லும் ஆள் நம்மிடம் உண்டா என்று கேட்பதே தக்கது. 1892ஆம் ஆண்டு ஆணை மாண்டது, அதனைப் படிக்க ஆளில்லாமையால். 1938ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது, அதனை எழுத ஓர் ஆசிரியர் இருந்தமையால்.

நம் கழகம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணி அத்தகைய ஆட்களை உருவாக்கும் பணியே. இனி நாம் ஒரு படி மேலே செல்லவேண்டும். நம் மாணவர் ஒவ்வொருவரும் பள்ளியை விட்டு வெளியேறுமுன் ஒரு மனுவைப் பிழையின்றி எழுதவும், நிலப் பட்டாவையும் வாக்காளர் பட்டியலையும் படிக்கவும் கற்றிருக்கவேண்டும். கிராம சபை கூடும் நாட்களில் நம் தெருவார் தவறாது சென்று, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்தபின்னரே கையொப்பமிடவேண்டும். நமக்காகப் பேசச் சென்றவர் என்ன பேசினார், எதற்கு வாக்களித்தார் என்று ஆண்டுதோறும் கேட்கவேண்டும். கேட்பாரற்ற பிரதிநிதி, நாற்காலி தந்தவருக்கே உரியவர். கேள்வி கேட்கும் மக்களைப் பெற்ற பிரதிநிதியே மக்களுக்கு உரியவர்.

இராசாவும் சீனிவாசனும் வாக்கில்லாத மக்களுக்காக, நியமன நாற்காலியிலிருந்து இத்தனை செய்தனர். வாக்கும் எழுத்தும் ஒருங்கே பெற்ற நாம் அதனினும் குறைவாகச் செய்தல் தகுமா? இவ்வினாவை வெள்ளிவிழாக் காணும் இளந்தலைமுறையின் முன் வைத்து, கழகம் மேன்மேலும் வளர்க என வாழ்த்தி அமைகிறோம்.